உள்ளே இருக்கும் பார்ட்டி

அக்கா ஊசியில் நூல் கோக்கிற நேரம் பார்த்துத்தான் தம்பியின் தொழில் ஃபோன் அடிக்கும். நூலை உதட்டில் கவ்விக்கொண்டே எடுத்து, வாடகைக்கா விலைக்கா, எத்தனை ரூம் என்று கேட்டு நோட்டில் எழுதுவாள். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் தம்பி வந்து பதில் எழுதுவான். பதினொரு வருஷமாக இப்படித்தான். முன்ரூமில் அவளுடைய தையல் மெஷின், அதற்கு எதிரே வீட்டு புரோக்கரான தம்பியின் மேஜை. சாயங்காலமானால் அவன் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குப் போய்விடுவான். ஃபோனும் நோட்டும் அக்கா பொறுப்பு.

நோட்டில் பேர் கிடையாது. பேர் எழுதினால் இன்னொரு புரோக்கர் எட்டிப் பார்த்து ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்பது தம்பியின் சட்டம். எல்லாரும் பார்ட்டிதான். குடை பார்ட்டி, இருமல் பார்ட்டி, மாமியாரைக் கேக்கணும் பார்ட்டி. மற்றவர்களுக்குப் பார்ட்டி என்றால் கேக் வெட்டிப் பாட்டுப் போடுவது. வக்கீலுக்கு வழக்கோடு வருகிறவர். காசுள்ளவனைக் கண்டால் ஊரே 'பெரிய பார்ட்டி' என்று வாயைப் பிளக்கும். புரோக்கர் வாயில் மட்டும் அது ஆணுமில்லை, பெண்ணுமில்லை. வந்துச்சு, பார்த்துச்சு, போச்சு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் அக்கா சிரித்தாள்.

"மனுஷங்களப் போயி அது இதுங்கறியேடா."

"அவரு இவருன்னா பாசம் வந்துடும்க்கா. தொழிலுக்கு ஆகாது."

திங்கட்கிழமை அவன் மேஜைமேல் காலை நீட்டிக்கொண்டு இன்னொரு புரோக்கரிடம் பேசினான். "இடம் கிளியர். பத்திரம் ஒரே பேர்ல இருக்கு. உள்ள ஒரு லேடீஸ் பார்ட்டி இருக்கு, அதான். தகராறு பண்ற பார்ட்டி இல்ல, ஒண்டிக்கட்டை. சொன்னா கேட்டுக்கும்."

யார் பெற்ற பெண்ணோ, ஒன்றும் தெரியாமல் எந்த அடுப்படியில் நிற்கிறாளோ என்று அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"எந்த வீடுடா?"

"அது ஒரு வீடுக்கா." காலைக் கீழே இறக்கினான்.

"பாவம், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடு. போக்கிடம் தேடணும்ல."

தலையாட்டிவிட்டு, டீயைக் குடிக்காமலே எழுந்து போனான்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஃபோனில் ஒரு பெண் கூப்பிட்டாள். விலைக்கு வீடு பார்த்திருக்கிறார்களாம்.

"எந்த வீடுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"முன்ரூம்ல தையல் மெஷின் இருக்குமே, அந்த வீடு. போன வாரம் பேண்ட் குடுக்கற சாக்குல வந்து பார்த்துட்டோம். உங்க புரோக்கர்தான் அப்படி வரச் சொன்னாரு. உள்ள இருக்கிற பார்ட்டி எப்ப காலி பண்ணும்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?"

அக்கா நிமிர்ந்தாள். எதிர்ச்சுவர் ஆணியில் அந்தப் பேண்ட் தொங்கியது, கால் மடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்திருந்தார்கள். அவருக்கு அளவெடுக்கும்போது அந்த அம்மாள் பாத்ரூமுக்கென்று உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. சுவரைத் தட்டும் சத்தம்கூடக் கேட்டது. வயிறு சரியில்லை போல என்று அக்கா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

"கேட்டுச் சொல்றேன்" என்றாள். வாய் தானாகச் சொன்னது. பதினொரு வருஷப் பழக்கம்.

அப்பா விட்டுப்போன வீடு. 'ஒரே பேர்ல, என் பேர்லயே இருந்தா வேலை சுலபம்க்கா, நீ இருக்கற வரைக்கும் உன் வீடுதானே' என்று தம்பி பத்திரத்தை நீட்டியபோது, எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டவள் அவள். கூடப் பிறந்தவனிடம் வேறென்ன கேட்பது? வீடு போவதுகூடப் பரவாயில்லை. அந்தப் பாவப்பட்ட பெண்ணுக்காகத் தானே அவனிடம் சிபாரிசு செய்ததுதான் நெஞ்சை எரித்தது.

மத்தியானம் தம்பி வந்தான். "ஃபோன் ஏதாச்சும் வந்துச்சாக்கா?"

"ஒரு பார்ட்டி பேசுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

நோட்டைத் தள்ளினாள். இடப்பக்கம் வழக்கமான அவள் கையெழுத்தில் இருந்தது: பேண்ட் பார்ட்டி. உள்ளே இருக்கும் பார்ட்டி எப்போது காலி பண்ணும்?

நின்றபடியே படித்தான். மறுபடியும் படித்தான். பத்து வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்ற அதே முகம்.

"அக்கா..."

வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. அவள் பேனாவின் மூடியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவளும் கையை மடக்கவில்லை.