நான் எழுதாத காற்று

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர். டாக்டர் குனிந்து, "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டார். அவர், "ஆச்சு" என்றார். அந்த "ஆச்சு" எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் நான் கட்டினது.

மில் கேட்டில் நின்று, வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்பின ஆள் நான். படிப்பு கம்மி. ஒருத்தன் "ஒண்ணுமில்லண்ணே" என்றால் மடியில் என்னவோ இருக்கிறது என்று என் கை சொல்லும். பாதி நாள் ஒன்றும் இருக்காது. அது வேறு விஷயம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"வானத்தில் கருமேகம் திரண்டபோது, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு..."

வயிற்று வலிக்காரனுக்கு மேகம் எதற்கு? நிறுத்திவிட்டேன். நிறுத்தினது தெரியட்டும்.

2

சரியான ஆரம்பம்: என் சகலை. (கதையில் வரும் சகலை. நிஜத்திலும் எனக்கு ஒரு சகலை உண்டு, அவர் சண்டைக்கு வர வேண்டாம்.) எடைமேடையில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். மத்தியானம் ஒரு லாரியை மேடையில் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினவர், காட்டின கையோடு உட்கார்ந்துவிட்டார். வலி வந்து முறுக்கியது, விட்டது, மறுபடி முறுக்கியது. முதலில் தின்றது வெளியே வந்தது, அப்புறம் பச்சைத் தண்ணி. வயிறு மத்தளம். கீழே ஒன்றும் போகவில்லை, காற்றுகூட.

"ஒரு பேதி மாத்திரை குடுங்க டாக்டர், எல்லாம் போயிடும்" என்றார் சகலை.

டாக்டர் சின்ன வயது. "முன்னாடி கதவு பூட்டிக் கெடக்கு. பின்னாடியிருந்து கூட்டத்தைத் தள்ளச் சொல்றீங்களா?"

பிறகு சகலையின் அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினார். என்றைக்கோ குடல்வால் எடுத்தது. "வெளிய ஆறிடுச்சு. உள்ள ஆறும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நார் மாதிரி இழுத்துக்கும். வருஷக்கணக்கா சும்மா இருக்கும். ஒரு நாள் குடல் அதுல மாட்டி மடங்கிடும்."

"அப்ப அன்னைக்கு அறுத்தவன்தான் காரணம்" என்றேன்.

"அன்னைக்கு அறுக்கலேன்னா இன்னைக்கு இவர் இல்லை பெரியவரே."

* இந்த டாக்டரை நான் நம்பவில்லை. எழுதினது நான்தான், இருந்தாலும் நம்பவில்லை. கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொல்கிறார். நல்லவராக்குவதா கெட்டவராக்குவதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

3

வாயில் எதுவும் கூடாது, தண்ணிகூட. கையில் டிரிப். மூக்கு வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாய், அதன் வழியே பச்சைத் தண்ணி ஒரு பைக்குள் இறங்குகிறது.

"வைத்தியம் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றேன்.

"இதுதான் வைத்தியம். உள்ள அழுத்தம் குறைஞ்சா நிறைய பேருக்குத் தானா விட்டுடும். காத்து பிரிஞ்சா வழி திறக்குதுன்னு அர்த்தம். வலி விடாம நின்னாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாடி ஓடினாலோ, குடலுக்கு ரத்தம் போகலையோன்னு பயப்படணும். கறுத்த குடல் ஓட்டை விழுந்துடும். அப்ப நான் காத்திருக்க மாட்டேன்."

சகலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி, என் கொழுந்தியா, என்னை ஓரமாக இழுத்தாள்.

"இவர் மறுபடி அந்த ஆபரேஷன் மேசைல படுக்க மாட்டார் மாமா. போன தடவை பாதியிலயே முழிச்சுக்கிட்டாராம். வலிக்குதுன்னு சொல்ல வாய் வரலையாம்."

(அப்படி அவர் சொல்கிறார். நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.)

4

மறுநாள் காலை டாக்டர் வந்தார்.

"காத்து பிரிஞ்சுதா?"

"ஆச்சு. ரெண்டு தடவை" என்றார் சகலை.

"எனக்கே கேட்டுது டாக்டர். வீட்ல விடற மாதிரியேதான்" என்றாள் கொழுந்தியா. வார்டே சிரித்தது.

"வலி?"

"போயே போச்சு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

படிக்கிறவங்களே, நான் காற்று எதுவும் எழுதவில்லை. வேண்டுமானால் மேலே போய்ப் பாருங்கள். நான் எழுதாத காற்று எப்படிப் பிரிந்தது? என் காகிதத்தில் படுத்துக்கொண்டு, என் செலவில் மூக்குக் குழாய் போட்டுக்கொண்டு, என்னைக் கேட்காமல் இந்த மனுஷன் பொய் சொல்கிறார். கூட அவர் பொண்டாட்டி பின்பாட்டு.

டாக்டர் வயிற்றில் கை வைத்தார். மத்தளம் இப்போது பலகை. நாடியைப் பிடித்தார். சகலையின் நெற்றியில் வேர்வை.

"வலி எப்ப போச்சு?"

"இப்பத்தான், விடிஞ்சதும்."

"வயிறு இறுகிக் கெடக்கு, வலி மட்டும் போயிடுச்சா? அதுதான் எனக்குப் பிடிக்கல" என்றார் டாக்டர்.

அந்த ஒரு பேச்சில் அவரை எனக்குப் பிடித்துவிட்டது. நம்ம ஆளு.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: காற்று நிஜமாகவே பிரிந்தது, சகலை வீட்டுக்குப் போனார். எழுதிவிட்டேன். வயிறு மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்று: "சாயங்காலம் கொழுந்தியா போர்வையை விலக்கி, ஏங்க, ஏங்க என்று..." இதை முடிக்க மாட்டேன். அவளை நான் சின்னப் பெண்ணாகப் பார்த்தவன்.

எனக்கு வேண்டியது இது: வயிற்றைத் திறந்து, நாரை அறுத்து, கறுத்த துண்டை வெட்டி எடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். சகலை பிழைத்து வந்து என்னைத் திட்டுகிறார். ஆனால் அவர் சரி என்று சொல்லாமல் டாக்டர் கத்தியைத் தொட மாட்டார். "சரி" என்று எழுதி அவர் வாயில் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டார்.

6

வேறு வழியில்லாமல் நானே கதைக்குள் போனேன்.

"டாக்டர், காத்து போகல. இவர் சொல்றது பொய். எனக்குத் தெரியும்."

சகலை சிரித்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"இவரா? எங்க கல்யாணத்துக்கு வந்தவங்க பையைத் தடவிப் பாத்த ஆளு டாக்டர் இவரு. சொந்தப் பொண்டாட்டி ரெண்டு தும்மல் போட்டா, ஒண்ணு நடிப்பும்பாரு. இவர் பேச்சைக் கேட்டு என் வயித்தைக் கிழிப்பீங்களா?"

"மாமா எப்பவுமே அப்படித்தான்" என்றாள் கொழுந்தியா. சொன்னாளே ஒழிய, அவள் கண் அந்த வயிற்றை விட்டு நகரவில்லை.

வாழ்நாள் முழுக்க எல்லார் மடியையும் தடவினவன், இன்றைக்கு உண்மையைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்க ஆள் இல்லை.

டாக்டர் சொன்னார்: "காத்து போச்சோ போகலையோ, இந்த வயிறு காத்திருக்காது. இவர் நம்பற ஆள் யாராவது பேசுங்க. சீக்கிரம்."

ஆகவே, படிக்கிறவங்களே, நீங்கள்தான் பேச வேண்டும். உங்கள் மேல் எனக்கு நம்பிக்கையா என்று கேட்காதீர்கள். சகலைக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, அது போதும். இதுவரை நீங்கள் அவரைப் பொய்யர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காற்றைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அந்த மேசையில் பாதியில் முழித்தபோது என்ன ஆச்சு என்று கேளுங்கள். நான் ஒரு தடவைகூட அதை விசாரித்ததே இல்லை. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரைக் கூப்பிட்டு, அந்த டாக்டர் எதிரிலேயே சகலையை அதைச் சொல்ல வையுங்கள்.

கொழுந்தியா எழுந்து கட்டில் ஓரத்தில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறாள். நான் இருந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். வெளியே போகிறேன். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

ஒட்டுக் கேட்க மாட்டேன்.