பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு

ஆய்வு மாணவிக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. ஏறாதா பின்னே? ஒரு தலைப்பிரட்டையின் மூளைத்தண்டை, அரிசிமணி அளவுதான் இருக்கும், சிதையாமல் வெளியே எடுக்கவே காலை முழுக்கப் போயிற்று. அது குளிர்ந்த உப்புநீர்க் கிண்ணத்தில் கிடந்தது. நரம்பு நுனியைக் கவ்வியிருந்த கண்ணாடிக்குழாய் அதன் துடிப்பைக் கணினித் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உடம்பில்லை, செவுளில்லை, நுரையீரலில்லை. ஆனாலும் அந்தத் துணுக்கு தன்பாட்டுக்கு மூச்சுவிடச் சொல்லி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. திரையில் செவுளுக்கான குட்டி அலைகள் வரிசையாக ஓடின. நுரையீரலுக்கான பெரிய அலை மட்டும் வரவில்லை.

பத்து நிமிடம் பார்க்க வேண்டும், வராவிட்டால் கொட்டிவிட வேண்டும். பேராசிரியர் போட்ட சட்டம் அது. மாணவர்கள் அவருக்கு ‘பத்து நிமிஷம்’ என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கால் முளைக்காத குட்டியின் மூளைக்கு நுரையீரல் மூச்சே தெரியாது என்று எழுதி எழுதியே பெரிய ஆளானவர். அவளுடைய ஆய்வேடும் அதையே சொல்ல வேண்டுமாம், இல்லாவிட்டால் பட்டம் கிடையாதாம்.

காலையில் அறுப்பதற்கு முன் இதே குட்டி தொட்டியில் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிப் போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். மூளைக்குத் தெரியாமலா வாய் திறந்தது? பத்து நிமிடம் முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

இருபத்துமூன்றாவது நிமிடத்தில் திரையில் ஓங்கி எழுந்தது ஒரு பெரிய அலை.

“சார், ஓடி வாங்க!”

பேராசிரியர் வந்து பார்த்தார். “மேஜையை இடிச்சிருப்பே.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது எழுந்தது. அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

“சரி, வருது. அதுக்கென்ன? பத்து நிமிஷம் தாண்டிடுச்சும்மா, சேத்துக்க முடியாது. கொட்டிட்டு வேற எடு.”

“என்ன சார் அநியாயம்! மூச்சு விடறதுக்கு உங்ககிட்ட நேரம் கேட்டுட்டா வரணும்?”

அவர் லேசுப்பட்டவரா? அலமாரியிலிருந்து சோதனைக் குறிப்பேட்டை உருவி அவள் முன்னால் போட்டார். “ரொம்பத் துள்ளாதே. இதையெல்லாம் எழுதினது யாரு?”

அவளேதான். மூன்று வருடம், அறுபத்துநான்கு குட்டிகள், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘நுரையீரல் மூச்சு இல்லை’ என்று அவளுடைய குண்டுக் கையெழுத்து. அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் அடங்கவில்லை, பாதி அவள் மேலேயே திரும்பிக்கொண்டது. அவர் சொன்னார் என்றால் இவளுக்குப் புத்தி எங்கே போயிற்று?

பேனாவை எடுத்தாள். முதல் வரியில் ‘இல்லை’ என்பதன் மேல் ஒரு கோடு போட்டு, அன்றைய தேதியிட்டு, பக்கத்தில் ‘காத்திருந்து பார்க்கவில்லை’ என்று எழுதினாள்.

“என்னம்மா பண்றே? உன் ஆய்வேடே போயிடும்!”

“போகட்டும் சார். அறுபத்துநாலு உயிரைக் கொன்னுட்டு, பார்க்காமலேயே பொய் எழுதியிருக்கேன்.”

இரண்டாவது வரிக்குப் போனாள்.