ஒன்பதாவது படி

இப்போதெல்லாம் கேள்வி கேட்பவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள் என்பது கயிற்றுக்காரரின் தீராத ஆத்திரம். அதற்கு வாய் எதற்கு, முகம் எதற்கு?

பழைய துறையில் படகு வந்தால் கயிற்றை வாங்கிக் கல்லில் கட்டுவது அவர் வேலை. ஐம்பத்தோரு வருஷமாகக் கட்டுகிறார். கல் தேய்ந்துவிட்டது, அவர் தேயவில்லை. போன மாதம் ஒருவன் அளவுக் கருவியோடு வந்தான். அந்தக் கல்லின் மேல் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "யோவ், தண்ணி எதுவரைக்கும் ஏறும்?" என்றான்.

அந்நியனுக்குத் தண்ணீரைப் பற்றி நிஜம் சொல்வது துறையில் வழக்கமில்லை. "கீழேருந்து மூணாவது படி," என்றார். அவன் எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அந்த மூன்றாவது படியை நம்பி, நகராட்சிக் கூட்ட அறையின் மேசையில் இப்போது ஓர் அட்டைக் கட்டடம் நின்றது. துறையின் இருநூறு வருஷத்துக் கிடங்குகள் மூன்றும் அதில் இல்லை. பதிலுக்குப் பதினான்கு மாடி. அடியில் கார் நிறுத்தம், அதன் வாசல் நான்காவது படியில். கிடங்கு வளைவுக்குள் டீக்கடை வைத்திருக்கும் அவர் மகள், துறையைக் காப்பாற்ற எண்ணூறு கையெழுத்து வாங்கி வந்திருந்தாள். அப்பாவிடம் முன்னமே சொல்லியிருந்தாள்: "தலைய எண்ணுறதுக்குத்தான் கூப்பிடுறேன். வாயத் தொறந்திராதீங்க."

அதிகாரியம்மா கையெழுத்துகளைப் புரட்டினார். "பழசுன்னு மட்டும் சொன்னா நிறுத்த முடியாதும்மா. திட்டத்துல என்ன தப்பு? அதச் சொல்லுங்க."

மகள் கையெழுத்துகளையே மறுபடியும் முன்னால் நகர்த்தினாள். பதினான்கு மாடி கட்டவிருக்கும் கம்பெனிக்காரன் கோப்பை விரித்தான். "தண்ணி மட்டம் துறையிலயே விசாரிச்சதுங்க மேடம். அம்பது வருஷ அனுபவஸ்தர் சொன்னது."

கயிற்றுக்காரர் எழுந்தார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டை மட்டும் இறங்கியது.

"அந்த அனுபவஸ்தன் நாந்தான். பொய் சொன்னேன்."

"ஏன் பெரியவரே?"

"அளக்க வந்தவன் கல்லு மேல காலை வச்சான்."

யாரோ இருமினார்கள்.

"அப்ப நெசமா எதுவரைக்கும் ஏறும்?"

"ஒம்பதாவது. மேல்படி. நான் சொல்றத நம்பாதீங்க, நானே நம்ப மாட்டேன். இன்னிக்கு பௌர்ணமி, கடல் பொங்கும். நாலு மணிக்கு வந்து நின்னு பாருங்க."

வந்தார்கள். கம்பெனிக்காரன் பாதுகாப்பாக எட்டாவது படியில் நின்றான். நாலேகாலுக்குத் தண்ணீர் அவன் ஷூவுக்குள் விசாரிக்காமல் நுழைந்தது. ஒன்பதாவதுக்கு ஏறினான். அங்கேயும் வந்தது. அட்டைக் கட்டடத்தின் அடியில் இனி மீனைத்தான் நிறுத்தலாம். அதிகாரியம்மா கோப்புக் காகிதத்தைச் சுவரில் வைத்து, "இவ்விடத்துக்குப் பொருந்தாத திட்டம். நிராகரிக்கப்படுகிறது," என்று எழுதினார்.

"ஜெயிச்சிட்டோம்பா!" மகளுக்குக் கண் கலங்கியது.

"அடுத்தவன் பதினஞ்சு மாடியோட வருவான்."

"அதான் எழுதிட்டாங்களே!"

"மூணாவது படின்னுங்கூட எழுதத்தான் செஞ்சாங்க."

கம்பெனிக்காரன் நனைந்த காலோடு, கைப்பேசியைத் தடவியபடி கேட்டான்: "பெரியவரே, இது எப்ப வடியும்?"

ஒரு மணி நேரத்தில் வடிய ஆரம்பித்துவிடும்.

"நாளன்னிக்கு," என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். போகிற வழியில் கல்லைத் துடைத்தார். கிடங்குகளை ஒருமுறை எண்ணினார். மூன்றும் இருந்தன. இன்றைக்கு இருக்கின்றன, அவ்வளவுதான்.