பச்சை மேசைச் சாம்பியன்

நாற்காலி மேல் ஏறி நின்று, கெர்னோட் திருப்புளியை முதல் திருகாணியில் வைத்துத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. எஷன்ரோட் கால்பந்துக் கழகத்தின் கூடத்தில், பீர் ஊற்றும் மேடைக்கு மேலே தொங்கியது அந்தப் பலகை. 'மாவட்ட லீக் சாம்பியன் 1987' என்று பொன்னிறத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே பதினோரு பேருடைய பெயர். கெர்னோட் அன்றைக்குக் கோல்கீப்பர் என்பதால் அவர் பெயர்தான் முதலில். மற்ற பத்துப் பேரில் நாலு பேர் இப்போது உயிரோடு இல்லை. பலகையைக் கழற்றலாமா என்று அவர்களிடம் போய் எப்படிக் கேட்பது?

"என்னப்பா, இப்பவே கழட்ட ஆரம்பிச்சிட்டியா?" என்றபடி அவருடைய மகள் இல்கா உள்ளே வந்தாள். கழகத்தின் தலைவி இப்போது அவள்தான்.

"கழட்டல. கழலுமான்னு பாத்தேன்."

"சாயங்காலம் கூட்டத்துல நீயா சொன்னாதான் மரியாதை. நான் சொன்னா, அப்பனை மக கவுத்துட்டான்னு பேசுவானுங்க."

அந்த லீக்கின் வரலாறு மொத்தமுமே ஆள் பிடிக்கிற கதைதான். உலகப் போர் முடிந்த கையோடு, காலணிகூட இல்லாத பையன்கள் டிராக்டர் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். கற்சுரங்கம் ஓடிய நாளில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு அணி. லீக்கையே கிழக்கு, மேற்கு என்று பிரிக்க வேண்டியிருந்தது. சுரங்கத்தை மூடினார்கள், கிழக்கும் மேற்கும் ஒன்றாயின. பிள்ளைகள் படிக்க நகரத்துக்குப் போனார்கள். இரண்டிரண்டு ஊராகச் சேர்ந்து ஆட ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால், எல்லா அணியின் பெயருக்கு நடுவிலும் ஒரு சிறுகோடு இருக்கும். சிலதில் இரண்டு. கோடு இல்லாமல் ஒற்றைப் பெயரோடு நிற்பது எஷன்ரோட்டும் பக்கத்து ஊரான ரீட்வைலரும்தான். இரண்டுக்கும் பதினோரு பேர் தேறுவதில்லை. சேர்ந்தால் தேறும். ஆனாலும் இத்தனை வருடம் சேரவில்லை. காரணம் அந்தப் பலகை.

எண்பத்தேழில் எஷன்ரோட்டின் கடைசி ஆட்டம் ரீட்வைலரோடு, அவர்கள் ஊரிலேயே நடந்தது. வென்றவருக்கு லீக். அன்று கெர்னோட் இரண்டு கோல் விட்டார். இரண்டையும் அடித்தவன் அவர்களுடைய கேப்டன் லோத்தர். முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது என்று லோத்தர் ஓரத்தைப் பார்த்துக் கை காட்டி, இரண்டாம் அணிக்காரனான எகோனை உள்ளே வரச் சொன்னான். வருடக்கணக்காக இரண்டாம் அணியிலேயே கிடக்கிறான் பாவம், ஒரு தடவையாவது முதல் அணிச் சட்டையைப் போடட்டுமே என்ற நல்லெண்ணம். அதே எகோன் மதியம் இரண்டாம் அணி ஆட்டத்தில் நடுவரைத் திட்டிச் சிவப்பு அட்டை வாங்கியிருந்தான். வாங்கியவன் அன்றைக்கு வேறெந்த ஆட்டத்திலும் கால் வைக்கக் கூடாது. கொண்டாட்டத்தில் தலைகால் தெரியாமல் இருந்ததில் ஊரே அதை மறந்தது. எஷன்ரோட்டின் அப்போதைய தலைவர் மறக்கவில்லை. புகார் போனது. புள்ளிகளும் கோப்பையும் இந்தப் பக்கம் வந்தன.

புல்லில் தோற்றுவிட்டு இப்படி லீக் அலுவலகத்தில், பச்சைத் துணி விரித்த மேசையில் தீர்ப்பு வாங்கி ஜெயிப்பதை அந்தப் பக்கத்தில் பச்சை மேசையில் ஜெயித்தது என்பார்கள். அதைவிடக் கேவலமான பேச்சு கால்பந்தில் கிடையாது. புல்லும் பச்சை, மேசையும் பச்சை, இதிலென்ன பேதம் என்று எஷன்ரோட்காரர்கள் சமாளித்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. உள்ளூரில் ரொட்டிக் கடை மூடிய பிறகு கெர்னோட் ரீட்வைலருக்குத்தான் ரொட்டி வாங்கப் போக வேண்டியிருந்தது. "சாம்பியன் வந்துட்டாரு, மேசையத் துடைச்சுப் போடுங்கப்பா" என்று எவனாவது ஒருவன் குரல் கொடுப்பான். அவர் சிரித்து வைப்பார். வண்டியில் ஏறியதும் வயிறு எரியும். கோப்பை வந்த அன்று ஊர் போட்ட கொண்டாட்டத்தில்கூட அவருக்கு மனம் ஒட்டவில்லை, அழைக்காத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்ததுபோல்தான் இருந்தது. அந்த இரண்டு கோல்களும் இன்றைக்கும் அவர் கண்ணுக்குள் இருக்கின்றன.

இப்போது ரீட்வைலரின் தலைவரான லோத்தர் இறங்கி வந்திருந்தார். அணிப் பெயரில் எஷன்ரோட் முதலில் வரட்டும், மைதானமும் எஷன்ரோட்டுடையதாகவே இருக்கட்டும். ஒரே நிபந்தனை: நாங்கள் குடிக்க வருகிற கூடத்தில் அந்தப் பலகை இருக்கக் கூடாது. இந்த வாரத்துக்குள் முடிவாகாவிட்டால் அடுத்த பருவத்துக்கு இரண்டு ஊருக்கும் அணி இல்லை.

சாயங்காலம் கூடம் நிறைந்தது. சன்னல் ஓரம் எஷன்ரோட், கதவு ஓரம் ரீட்வைலர். நடுவில் யாரும் உட்காராத ஒரு மேசை. கெர்னோட் எழுந்தார். வீட்டில் ஒத்திகை பார்த்த பேச்சை அப்படியே விட்டுவிட்டார்.

"பெருசா ஒண்ணுமில்ல. பலகைய எடுத்துடலாம். அது... நாங்க ஜெயிச்சது இல்ல. எனக்கே தெரியும்."

சன்னல் பக்கம் எவரோ 'ச்சே' என்றார்கள். கெர்னோட்டுக்கு அவமானமாகவும் இருந்தது. பல்லைப் பிடுங்கிப் போட்டதுபோல் நிம்மதியாகவும் இருந்தது. லோத்தர் தலையை மட்டும் ஆட்டினார்.

"எடுக்கக் கூடாது."

கதவோரத்திலிருந்து வந்தது குரல். எகோன். எழுபது தாண்டிவிட்டது, காதில் கருவி. கூட்டங்களில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"நீ சும்மா இருடா. உன்னாலதான் இவ்வளவும்," என்றார் லோத்தர்.

"ஆமா, என்னாலதான். கேட்டுக் கேட்டுக் காது அவிஞ்சு போச்சு. கடைக்குப் போனா என்னாலதான், கல்யாணத்துக்குப் போனா என்னாலதான். எங்கப்பன் சாவுக்கு வந்தவன்கூட அதத்தான் பேசினான்." எகோன் மேசையைப் பிடித்து எழுந்தார். "முதல் அணியில நான் ஆடினது மொத்தமே அஞ்சு நிமிஷம். பந்து என் காலுக்கு ஒரு தடவகூட வரல. இந்த லீக்ல எவ்வளவு பேரு எத்தன கோல் போட்டிருப்பான், யாருக்காவது ஞாபகம் இருக்கா? என் அஞ்சு நிமிஷம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்தப் பலகைய எடுத்துட்டா, நான் இத்தன வருஷம் எதுக்குடா திட்டு வாங்கினேன்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கெர்னோட் இன்னும் நின்றுகொண்டேயிருந்தார். தன் ஒருவன் வயிறுதான் எரிகிறது என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தது அவருக்கு வெட்கமாக இருந்தது.

லோத்தர் மேசையைப் பார்த்தபடி, "உன்ன உள்ள வான்னு கூப்பிட்டது நான்தான்டா," என்றார்.

"தெரியும். அதுக்கு உனக்கு இன்னிக்கு வரைக்கும் நன்றி சொல்லல நானு."

இல்கா எழுந்தாள். "சரி. பலகை இருக்குற இடத்துல இருக்கட்டும். அணி ஒண்ணா ஆடட்டும். சம்மதம்னா கை தூக்குங்க."

சன்னல் பக்கம் ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. கெர்னோட்டும் தூக்கினார். கதவுப் பக்கம் ஒரு கையும் அசையவில்லை. எல்லோரும் லோத்தரைப் பார்த்தார்கள். அவர் தூக்காமல் அந்த ஊரில் எவனும் தூக்க மாட்டான். லோத்தர் இரண்டு கையாலும் தன் பீர்க் குவளையை இறுகப் பிடித்திருந்தார்.

எகோன் குனிந்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குவளையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். லோத்தரின் கைகள் மேசை மேல் வெறுமனே விரிந்து கிடந்தன.