முழங்காலிட்டவள் கண்டது

"இந்தக் கோழி பிரமாதமா வந்திருக்கில்ல? என்ன இருந்தாலும் என் கை தனிதான்," என்றான் லுபோவா.

"அது நான் வரைஞ்ச கோழிங்க," என்றாள் நமுலி.

உற்றுப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "வரைஞ்ச நமக்கே தெரியலையே! மூலையில உன் பேரைப் போடணும்னா கேளு, போட்டுடலாம்."

கல்யாணமான புதிதில், கம்பாலா நகரில் இப்போதும் அவர்கள் குடியிருக்கும் அதே வாடகை வீட்டில் நடந்த பேச்சு. ஆறு வருஷமாகியும் அவள் கேட்கவில்லை. எதை வைத்துக் கேட்பது? பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைந்து பெயர் வாங்கியவன் அவன். அவனிடம் வேலைக்கு வந்து, அவன் கோடு இழுக்கும் விதத்தைப் பழகி, பிறகு அவனையே கட்டிக்கொண்டவள் அவள். இரவல் வாங்கிய கோடுகளுக்குக் கீழே சொந்தப் பேரை எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த மாதம் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தின் ஒரு பக்கம் அவளைப் பாடாய்ப்படுத்தியது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும் விழா. வெள்ளை அங்கியும் கோட்டும் போட்ட ஆண்கள் நாற்காலியில். பெண்கள் ஊர் வழக்கப்படி பாயில் முழங்காலிட்டு வணக்கம் சொல்கிறார்கள். லுபோவா பாணியில் நான்கு முறை வரைந்தாள். நான்கிலும் ஆண்களுக்கு முகம் இருந்தது. பெண்களுக்கு முதுகுதான் இருந்தது.

சனிக்கிழமை அவளுடைய சித்தி மகளுக்கே அந்த விழா நடந்தது. நமுலியும் பாயில் முழங்காலிட்டாள். நலம் விசாரிப்பு நீண்டுகொண்டே போக, கவிழ்ந்த அவள் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட்டன. ஷூக்களில் அப்பியிருந்த சிவப்புச் சேறு. அங்கிக்குள் நடுங்கிய மாப்பிள்ளையின் முழங்கால். அவன் பெரியப்பா இறுக்கமான ஷூவை ரகசியமாகக் கழற்றிவிட்டிருந்தார். காலுறை ஓட்டை வழியே கட்டைவிரல் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

நாலு தடவையும் தப்பு எங்கே நடந்ததென்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆயுசு முழுக்க முழங்காலிட்டவள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணால் வரைந்திருக்கிறாள்.

மறுநாள் பலகையைத் தரையில் போட்டு, பாயில் முழங்காலிட்டு ஆரம்பித்தாள். லுபோவாவின் வழுவழுப்பான கோடு இதற்கு ஒத்துவரவில்லை. ஐந்து தாளைக் கிழித்தாள். தூரிகையைப் பாதி உலரவிட்டு இழுத்தபோதுதான் சேறு சேறாக வந்தது. கால் மரத்துப்போனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் வாழைக்காய் தீய்ந்தது.

"என்ன தாயே, இன்னிக்குச் சாப்பாடும் கறுப்பு மையிலதானா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான் லுபோவா. படத்தைப் பார்த்ததும், "இது என்ன, செருப்புக் கடை போர்டா? முகமெல்லாம் எங்க போச்சு?" என்றான்.

"மேலதான் இருக்கு. என் பக்கத்துல வந்து முழங்கால் போடுங்க, தெரியும்."

கேலியாகத்தான் முழங்காலிட்டான். அவள் படத்தை நிமிர்த்திப் பிடித்தாள். அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இது அந்தப் பெரியப்பாவோட கட்டைவிரலா? ஐயோ, மாப்பிள்ளைக்கு உதறுது பாரு! நானும் எதிர்லதானே உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியலையே."

"உங்க நாற்காலியிலேருந்து தெரியாது."

படத்தை வாங்கிப் பாயில் வைத்தான். "நல்லாருக்கு நமுலி. என்னால இப்படி வரைய முடியாது. இதையே அனுப்பிடலாம்." சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில் பேனா மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போடப் படத்தின் மூலைக்குக் கொண்டுபோனான்.

நமுலி அந்த மூலையை உள்ளங்கையால் மூடினாள். ஈர மை கையில் அப்பியது; எடுக்கவில்லை.

"அன்னிக்குக் கேளுன்னு சொன்னீங்களே, இப்பக் கேக்கறேன்," என்றாள். "இந்தப் படத்துல என் பேர் மட்டும் இருக்கணும்."