ரேடியோ அடங்கிய வகுப்பு

ஒன்பதாம் வகுப்புக்கு மனநலப் பாடம் நடத்தும் பொறுப்பு உயிரியல் டீச்சர் தலையில் வந்து விழுந்தது. பயிற்சி ஒரே நாள்தான். கண்ணை மூடு, மூச்சைக் கவனி, மனசில் வருவதை வரவிடு. இதில் என்ன இருக்கிறது என்றுதான் வகுப்புக்குள் போனாள்.

முதல் பெஞ்சில் ரேடியோ. வாய் ஓயாத பெண். தோழிகள் வைத்த பெயர்.

"இன்னைக்கு ரேடியோவைத்தான் முதல்ல ஆஃப் பண்ணணும்" என்றாள் டீச்சர்.

"கரண்ட் போனாலும் அது பாடும் மிஸ்!" என்றது பின்பெஞ்ச். ரேடியோவும் சேர்ந்து சிரித்தாள்.

கண்கள் மூடின. மின்விசிறிச் சத்தம் மட்டும். இந்த வகுப்பா இது? டீச்சருக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் ரேடியோவுக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சைப் பற்றிய விரல்கள் வெளுத்தன.

"கண்ணைத் திறக்காதேம்மா, ஆழமா மூச்சு விடு." பயிற்சியில் சொன்னது அதுதான். சொல்லச் சொல்ல அவளுக்கு இன்னும் திணறியது. நுரையீரலைக் கிளை கிளையாக வரையத் தெரிந்த டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மிஸ், அவளைப் பேசாம இருக்கச் சொல்லாதீங்க." பக்கத்தில் இருந்த குட்டைப் பெண் குண்டுமணி, ரேடியோவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "ஏய், என்னைப் பாரு. உங்க பூனை நேத்து என்னடி பண்ணுச்சு?"

"வாஷிங்... மெஷின்ல... தூங்கிருச்சு."

"அப்புறம்?"

"அப்பா துணி போடப் போனா... அவரையே முறைக்குது."

சொல் சொல்லாக மூச்சு திரும்பி வந்தது. ஒரு சின்னப் பெண் இன்னொருத்தியைப் பேச்சாலேயே கரையேற்றுகிறாள்.

ரேடியோவின் பேச்சு அதோடு நிற்கவில்லை. "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து வீட்ல யாருமே பேசறதில்ல. சத்தம் இல்லைன்னா எனக்குப் பயமா இருக்கு."

சொன்ன பிறகுதான் வகுப்பே கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தலை கவிழ்ந்துவிட்டது.

பயிற்சி தந்த ஆலோசகருக்கு டீச்சர் போன் போட்டாள். "மனசுல இருந்தது வெளிய வந்தது நல்லது. எல்லார் முன்னாடியும் வந்தது நல்லதில்ல. நாளைக்கு அவ வர்றாளான்னு பாருங்க. வந்தா என்கிட்டயும் கூட்டிட்டு வாங்க" என்றார் அவர்.

மறுநாள் ரேடியோ வந்தாள், தாமதமாகத்தான். டீச்சர் வராந்தாவிலேயே நிறுத்தினாள். "நேத்து உன்னைக் கஷ்டப்படுத்திட்டேன்ம்மா. மன்னிச்சுக்கோ. சாயங்காலம் ஆலோசகரைப் போய்ப் பார்க்கலாம். அந்த வகுப்பையே நிறுத்திடலாமா?"

"ஐயோ, வேணாம் மிஸ். பாதி கிளாஸ் நேத்து எங்க வீட்டுக்குப் போன் பண்ணிப் பேசுச்சு. அப்பாவே சிரிச்சிட்டார். கண்ணை மட்டும் மூட வேணாம்."

அன்று யாரும் கண்ணை மூடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தபடி மூச்சு விட்டார்கள். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு தோள்கள் ஆளுக்கொரு வேகத்தில் ஏறி இறங்கி, மெல்ல மெல்ல ஒன்றாக அசையத் தொடங்கின.

ரேடியோ மட்டும் குண்டுமணியிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் அவளை அடக்கவில்லை.