உட்கார்ந்த வேலை

தாளில் இருந்த எண்ணை ஊசியக்கா மூன்று தடவை படித்தாள். எட்டு புள்ளி மூன்று. மெஷின் மேல் சந்தேகம் வந்து, அதே ரத்தத்தை மறுபடி வைத்துப் பார்த்தாள். மறுபடியும் எட்டு புள்ளி மூன்றுதான் வந்தது.

மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்த அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. "ஊசியக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்கள். ரத்தம் எடுப்பாள், மெஷினில் வைப்பாள், வருகிற எண்ணை அடித்துக் கொடுப்பாள். "நல்லதா கெட்டதா அக்கா?" என்று யாராவது முகத்தைப் பார்த்தால், "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நல்ல எண்ணுக்கும் அதே முகம்தான், கெட்ட எண்ணுக்கும் அதே முகம்தான். பழகிவிட்டது.

இந்த ரத்தம் அவள் வீட்டுக்காரருடையது. அதனால் அந்த முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்து ஒன்பது வருஷம். மூன்று மாதச் சராசரி பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளேதான் ரத்தம் எடுப்பாள். ஒவ்வொரு முறையும் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில்தான் நிற்கும். கூடத்துக்கு வரும் சர்க்கரைக்காரர்கள் எல்லாம் எட்டு, ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டிருக்க, தன் மனுஷனை மட்டும் கட்டுக்குள் வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. அளந்து போடுகிற சாப்பாடும், நேரம் தவறாமல் கொடுக்கிற மாத்திரையும்தான் காரணம் என்று நினைத்தாள். வெளியே சொல்லிக்கொள்ளவும் செய்தாள்.

வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் 'ரீடிங்' என்பார்கள். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் குறிக்கிற வேலை. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரு நாளைக்கு இருநூற்று ஐம்பது வீடு. பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. இருக்கிற இடத்திலும் மாடிக்கு மாடி இறங்கி ஏறத்தான் வேண்டும். எந்தத் தெருவில் எந்த நாய் குரைக்கும், எது குரைத்துவிட்டு வாலை ஆட்டும், எது சத்தமே போடாமல் வந்து கவ்வும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "மனுஷங்க பேரு மறந்தாலும் பரவால்ல, நாய் பேரு மறந்தா தையல் போடணும்" என்பார்.

அப்படி இருந்தவருக்கு நாற்காலி வந்தது. தானாகவே கணக்கை அனுப்புகிற புது மீட்டர்களை எல்லா வீட்டிலும் மாட்டினார்கள். வீடு வீடாக ஏறி இறங்க இனி ஆள் வேண்டாம். பழைய ஆட்களுக்கு அலுவலகம் இரண்டு வழி காட்டியது: ஒன்று, பழுது பார்க்க வெளியே சுற்றுகிற குழு. இன்னொன்று, அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து புகார்களைப் பதிகிற வேலை.

"நான் வெளியவே போறேன். உள்ள உக்காந்தா எனக்கு மூச்சு முட்டும்" என்றார் ரீடிங்.

ஊசியக்கா ஒற்றைக் காலில் நின்றாள். "இருபத்திரண்டு வருஷம் வெயில்ல காஞ்சது போதாதா? முட்டி வலின்னு ராத்திரி முனகுறது யாரு, நானா? ஏசி ரூம்ல சுத்துற நாற்காலி குடுக்கறேங்கறான், வேண்டாங்கறீங்களே!" விண்ணப்பத்தை அவளே எழுதினாள். மூட்டுத் தொந்தரவு, உட்கார்ந்த வேலை வேண்டும் என்று. அவர் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வந்த முதல் எண்தான் எட்டு புள்ளி மூன்று.

அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் அவருடைய பையைத் தலைகீழாகக் கொட்டினாள். பேனா, கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, அலுவலகச் சாவி. ஒரு மிட்டாய்க் காகிதம்கூட அகப்படவில்லை. அகப்படாதது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அவர் துண்டோடு வெளியே வந்து, தரையில் கிடந்த தன் சாமான்களைப் பார்த்தார்.

"என்ன தேடறே?"

"ஆபீஸ்ல என்ன தின்னறீங்க?"

"நீ கட்டிக் குடுக்கறதைத்தான்."

"பொய் சொல்லாதீங்க. ரத்தம் பொய் சொல்லாது. என்கிட்டயே கதை விடறீங்களா?"

அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் பேசவில்லை. அவள் சாப்பாட்டை இன்னும் குறைத்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் போட்டதைச் சாப்பிட்டார், எடை மட்டும் ஏறியது. அடுத்த மூன்று மாதத்தில் எண் ஒன்பது புள்ளி இரண்டு.

டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "வேலை ஏதாவது மாறிச்சா?" என்று கேட்டார்.

ரீடிங் சொன்னார். முன்பு எத்தனை வீடு, எத்தனை மாடி, இப்போது எவ்வளவு நேரம் நாற்காலி என்று. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"தொடையும் கெண்டைக்காலும் அசைஞ்சுட்டே இருந்தா ரத்தத்துல இருக்கற சர்க்கரையை அதுவே இழுத்து எரிச்சுக்கும். இன்சுலின் சரியா வேலை செய்யாத உடம்புலகூட இழுக்கும். நடந்து முடிச்சு ஒரு நாள் வரைக்கும்கூட அந்தப் பலன் இருக்கும். ஒன்பது வருஷமா பாதி வேலையை மாத்திரை பார்த்துது, பாதி வேலையைப் படிக்கட்டு பார்த்துது. இப்ப படிக்கட்டு போச்சு."

"அப்ப என் சமையல்?" என்று ஊசியக்கா கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதுவும்தாம்மா" என்று டாக்டரம்மா சிரித்தார்.

வெளியே வந்ததும் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்தான், "விடு" என்றார். எதை விடச் சொன்னார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, அவரிடம்கூடச் சொல்லாமல், அவள் மின்வாரிய அதிகாரியைப் பார்க்கப் போனாள். வெளிக்குழுவுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டாள். அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, கோப்பை எடுத்துப் புரட்டி, ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அந்தக் குழு நிரம்பி ஆறு மாசம் ஆச்சும்மா. உட்கார்ந்த வேலைதான் வேணும்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே."

அவளுடைய கையெழுத்தேதான். வரிக்கு வரி, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

சரி, காலையில் நடக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். ரீடிங்குக்கு நடையே ஓடவில்லை. இருபத்திரண்டு வருஷம் நடந்த மனுஷன், பூங்காவின் வட்டப்பாதையில் இரண்டு சுற்று முடிப்பதற்குள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கால் வலிக்குதா?"

"கால் வலிக்கல. எங்க போறோம்னு தெரியல. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்கு நடக்கணும்?"

ஒருநாள் தனியாகவே தன் பழைய தெருக்களுக்குப் போயிருக்கிறார். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டம்மா கதவைத் திறந்து, "மீட்டர்தான் இப்ப தானா ஓடுதே, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாளாம். சாதாரணமாகத்தான் கேட்டிருப்பாள். இவர் அசடு வழிய, "சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு நான்கு நாள் நடக்கவே கிளம்பவில்லை.

அவள் வழியை மாற்றினாள். சாப்பிட்டு முடித்ததும், பாத்திரத்தைக்கூடக் கழுவாமல், "வாங்க, பால் பாக்கெட் வாங்கணும்" என்று கிளப்புவாள். பால் கடை பக்கத்திலேயே இருக்கும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்குக் கூட்டிப் போவாள். இன்னொரு நாள் தபால் பெட்டி. அடுத்த நாள் பெரிய சாலை ஓரம் இருக்கிற பழக்கடை, விலை விசாரிக்க மட்டும். அவருக்குப் போக ஓர் இடம் கிடைத்தால் போதும், கால் தானாக வேகம் பிடித்தது. வீட்டில் விரலில் குத்திப் பார்க்கிற சின்னக் கருவியை வைத்து அவள் சோதித்தாள். அதே சாப்பாடு. உட்கார்ந்திருந்த நாளில் இருநூற்று நாற்பத்தெட்டு, இருபது நிமிஷம் நடந்த நாளில் நூற்றுத் தொண்ணூறு. எண்களைக் குறித்த தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பார்த்தீங்களா! எந்த மாத்திரை இவ்வளவு சீக்கிரம் கேக்கும்?"

அவருக்கும் முகம் மலர்ந்தது. "நாளைக்கு ரயில் கேட்டு வரைக்கும் போலாமா?" என்று அவரே கேட்டார்.

அந்தக் குஷியில் அவள் அவருக்குப் புது நடைக்காலணி வாங்கினாள். அலுவலகம் போன பிறகு அவர் போட்டிருந்த மெல்லிய செருப்பு நீண்ட நடைக்கு ஆகாது என்று கடைக்காரர் சொன்னார். போட்டு நடந்து பாருங்கள் என்றார். ரீடிங் கடைக்குள்ளேயே நாலு எட்டு நடந்தார். "கடிக்குதா?" என்று அவள் கேட்டாள். "ஒண்ணும் தெரியல, மெத்து மெத்துன்னு இருக்கு" என்றார். கடிக்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஐந்து வாரம் ஒரு நாள் விடாமல் நடந்தார்கள்.

துணி துவைக்கும்போதுதான் பார்த்தாள். இடது காலுறையின் நுனியில், சுண்டுவிரல் வருகிற இடத்தில், பழுப்பாக ஒரு கறை. காய்ந்த ரத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியே ஈரக்கையோடு உள்ளே ஓடி, அவர் காலைப் பிடித்துத் திருப்பினாள். விரலின் வெளிப்பக்கம் தோல் உரிந்து, நடுவில் வெள்ளையாகக் குழி விழுந்திருந்தது. விரல் முழுக்க வீங்கிச் சிவந்திருந்தது.

"இது எப்பலேருந்து?"

"எது?" என்றார் அவர், எட்டிப் பார்த்து.

அவள் அந்த விரலை அழுத்தினாள்; அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கண்டுபிடிப்பதற்கு முன்பே ஐந்தாறு வருஷம் சர்க்கரை இருந்திருக்கும், நரம்பு மெல்ல மெல்ல உணர்ச்சி இழந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். மீட்டர் பார்த்த காலத்தில் போட்டிருந்த பழைய செருப்பு காலோடு தேய்ந்து காலாகவே ஆகியிருந்தது, அதனால் தப்பித்தார். நடக்கச் சொன்ன அன்றே, தினமும் பாதத்தைப் பாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தார். ஊசியக்கா தலையை ஆட்டியிருந்தாள். தினமும் நாற்பது பேருடைய கையைப் பார்க்கிறவள், ஒரு காலைப் பார்க்கவில்லை.

சீழ் எலும்பு வரை போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

"புண் ஆறுற வரைக்கும் அந்தக் கால் தரையில படக் கூடாது" என்றார் அறுவை மருத்துவர்.

"நடக்கலேன்னா சர்க்கரை ஏறுமே டாக்டர்?"

"ஏறும். இன்சுலின் போடறோம்."

"சர்க்கரை ஏறினா புண்ணு ஆறாதே?"

"ஆமாம்மா" என்றார் அவர், மெதுவாக. அந்த முகத்தை ஊசியக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவள் தன் கூடத்தில் வைத்துக்கொள்கிற அதே முகம்.

பதினொரு வாரம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு, கைக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவார். கை அசைந்தாலும் கொஞ்சம் பலன் உண்டு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். முப்பதில் அவருக்கு மூச்சு வாங்கும். "இது என்ன, குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டற மாதிரி" என்று அவரே கேலி செய்வார். அவள் சிரிப்பாள். சில நாள் முப்பதைத் தாண்டி எண்ணாமல் எழுந்து அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள். எண்கள் ஒரு நாள் இறங்கின, இரண்டு நாள் ஏறின. ஏன் இறங்கின, ஏன் ஏறின என்று சொல்ல அவளால் முடியவில்லை.

புண் ஆறியது. விரல் இருந்த இடத்துக்குப் பஞ்சு வைத்த தனிச் செருப்பு செய்து கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் மட்டும், சமதளத்தில், மெதுவாக நடக்கலாம் என்றார்கள். அவர் மறுபடி அலுவலகம் போனார். மூன்று மாதத்துச் சராசரி எட்டு புள்ளி ஒன்று வந்தது. பரவாயில்லை என்றார் டாக்டரம்மா. போன உணர்ச்சி மட்டும் திரும்பி வராது என்றும் சொன்னார்.

இப்போது தினமும் சாயங்காலம் அவள் முக்காலியில் உட்கார்ந்து, அவர் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல் இடுக்கு விடாமல் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே விரல் நுனியால் அங்கங்கே அழுத்திக் கேட்பாள்.

"இங்க தெரியுதா?"

"தெரியுது."

"குதிகால்ல?"

"லேசா."

ஒருநாள் அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்து முடித்திருந்தாள்; அவள் கை இரண்டும் அவள் பக்கத்திலேயே இருந்தன. காலைத் தொடவே இல்லை. என்ன நினைத்தாளோ, சும்மா கேட்டாள்.

"இப்ப? பெருவிரல்ல?"

"தெரியுது" என்றார் உடனே, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எத்தனை நாளாக இப்படிச் சொல்லி வருகிறார் என்று அவள் கேட்கவில்லை. காலுறையின் தையல் தோலில் படாதபடி அதை உள்பக்கம் வெளியாகத் திருப்பி மாட்டிவிட்டாள். செருப்பின் பட்டையை இறுக்காமல், தளர்த்தாமல் பூட்டினாள்.

"எழுந்திருங்க. பத்து நிமிஷம்."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அவள் ஒரு படி முன்னால், அவர் பக்கம் திரும்பியபடியே, அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினாள்.